கதவைத் திறக்கும் முன்

என்னங்க, தூங்கட்டும் என்று எழுப்பவில்லை.

நேற்று மின்கம்பத்தில் காரை மோதியபோது குடித்திருந்தீர்களா என்று விசாரிக்க போலீஸ் இன்று வீட்டுக்கே வருவார்களாம். வக்கீல் சித்தப்பாவிடம் கேட்டேன். "வாரண்ட் இருக்கான்னு மாப்பிள்ளைய மரியாதையா கேக்கச் சொல்லும்மா. இல்லன்னா உள்ள விட வேண்டியதில்ல. நான் வர்ற வரைக்கும் பேசவும் வேண்டாம். பொய் மட்டும் கூடாது" என்றார்.

நீங்கள் சொல்லச் சொன்னபடி, வீட்டுக்கு வந்த பிறகுதான் குடித்தீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்காக நேற்று மாதிரி எத்தனை சண்டை போட்டாலும் சரி.

முட்டை அவித்து வைத்திருக்கிறேன். நெற்றிக் காயத்தில் தண்ணீர் படக் கூடாது.

பி.கு: கார் சாவி என் பையில் இருக்கிறது, தேடாதீர்கள்.

இன்னொன்று: ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் தனியாகப் போக வேண்டாம். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். நானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.