நீ ஓட்டிய ஸ்கூட்டி

அக்கா,

உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றபோது ஒரு அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு, செல்லை எடுத்துக் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆரம்பித்தார். வளைவு வரும்போதெல்லாம் உடம்போடு சாய்ந்தார். ஒரு திருப்பத்தில் என் தோளில் நன்றாகவே இடித்துவிட்டார். "மன்னிச்சுக்கம்மா, வண்டி இழுக்குது" என்றார். சிரித்திருக்கலாம். சிரிக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீயும் இப்படித்தான் ஓட்டுவாய். தட்ட வேண்டியது ஒரு பொத்தானைத்தான். நீயோ தலை, தோள், இடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சாய்ப்பாய்.

விருத்தாசலத்திலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அங்கே செல்போன் விளையாட்டு செய்யும் சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. புதிதாக யார் வந்தாலும், "இவங்க தானாவே கத்துக்கிட்டவங்க" என்று சொல்லி என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். அது பாதிப் பொய்.

பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் உன்னுடையது. தெருவில் பலர் கைக்கு வந்ததுமே விற்றுவிட்டார்கள். அப்பாவும் ஆள் பார்த்து வைத்திருந்தார். நீ அதைத் தலையணை உறைக்குள் போட்டு அதன்மேல் படுத்துக்கொண்டாய். "காலேஜுக்கு வேணும்" என்றாய். லேப்டாப் வீட்டில் தங்கியது. காலேஜ்தான் நடக்கவில்லை. மார்க் இருந்தது. நீ கேட்ட படிப்பு சிதம்பரத்தில் இருந்தது. "பொட்டப்புள்ளய தெனமும் பஸ்ஸுல ஏத்தி அனுப்பிட்டு எவன் வவுத்துல நெருப்பக் கட்டிக்கிறது?" என்று அப்பா முடித்துவிட்டார். ஆனால் செராமிக் கம்பெனிக்கு அனுப்பும்போது யார் வயிற்றிலும் நெருப்பு எரியவில்லை. அச்சில் களிமண் குழம்பை ஊற்றி, இறுகியதும் பொம்மையை எடுத்து, ஈரப் பஞ்சால் அதன் ஓரங்களைத் துடைக்கும் வேலை. முழங்கை வரை வெள்ளையாக வருவாய்.

லேப்டாப் ஏழாவது படித்த என்னிடம் வந்தது. அப்பா வீட்டுக்கு வந்தால்தான் அவர் செல்லிலிருந்து நெட் கிடைக்கும். விளையாட்டு செய்வது எப்படி என்று ஒருவர் இந்தியில் விளக்கும் வீடியோக்களைக் கண்டுபிடித்தேன். அவர் பேசுவதில் ஒரு சொல்கூடப் புரியாது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, திரையில் தெரியும் எழுத்துகளை அப்படியே பார்த்து அடிப்பேன். சாலைக்கு அவர் 'ராஸ்தா' என்று பெயர் வைத்திருந்தார். அது கம்ப்யூட்டருக்கான கட்டளை என்று நம்பி எல்லா விளையாட்டிலும் அதையே எழுதினேன். நீதான் கம்பெனியில் வேலை செய்த பீகார்க்காரப் பெண்ணிடம் கேட்டு வந்தாய்.

"ஏய் லூசு, ராஸ்தான்னா ரோடாம்டி. அந்த ஆளு வச்ச பேரு அது."

"அப்போ நானும் என்ன பேரு வேணா வைக்கலாமா?"

"வச்சிக்க. என் பேர மட்டும் வச்சித் தொலைக்காத, கரும்பு டிராக்டருல வுட்டு ஏத்துவ."

நம் விளையாட்டில் ஒரு பெண் ஸ்கூட்டியில் பெண்ணாடம் ரோட்டில் போவாள். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரும். நிஜ ஸ்கூட்டியை நீ தொட்டதில்லை. கேட்டதற்கு, "வாங்கி? எங்க போவ?" என்றார் அப்பா. அதனால் கை கழுவியதும் லேப்டாப் முன்னால் வந்து உட்காருவாய். என் விளையாட்டை ஆட உலகத்தில் இருந்தது நீ ஒருத்திதான். ஒரு நாளாவது பாராட்டியிருப்பாயா? "டிராக்டருக்குள்ள பூந்து அந்தாண்ட வருது, பேயா அது?" என்றாய். அதைச் சரிசெய்யத்தான் மோதலைக் கண்டுபிடிக்கும் கணக்கைக் கற்றேன். ஒரு நாள் கேட்டாய்:

"ரோடு ஏன் இங்கயே நின்னு போச்சு?"

"ஸ்கிரீனு அவ்ளோதான்க்கா."

"நம்ம வூட்லதான் அவ்ளோதான்னா, இதுலயுமாடி?"

நான் கற்ற ஒவ்வொன்றும் உன் குறைக்கு எழுதிய பதில். திரையை நகர்த்தக் கற்றேன். ரோடு திட்டக்குடி வரை நீண்டது. அங்கேயும் போய் முட்டிக்கொண்டு என்னைத் திட்டினாய். முடியவே முடியாத ரோடு வேண்டும் என்றாய்.

அதை நான் செய்து முடித்தபோது உனக்குக் கல்யாணம் ஆகி, திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் மங்களூரில் இருந்தாய். கையில் செல் கிடையாது. கடந்துபோன ரோட்டை அழித்துக்கொண்டே முன்னால் புது ரோடு போட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. செல்லில் ஏற்றிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். நீ ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. கொல்லையில், துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் நின்று ஓட்டினாய். பெரிய வயிற்றோடு இடமும் வலமும் சாய்ந்தாய்.

"முடியாதா?"

"முடியாதுக்கா. நீ பாட்டுக்குப் போ."

வெகுநேரம் கழித்து நீ சிரித்தாய். அதற்குள் உன் மாமியார் குரல் வந்தது. "புள்ளத்தாச்சி செல்லுல மொகத்த வச்சிக்கினு இருந்தா கொழந்தைக்கு ஆவுமா? உள்ள வா!"

செல்லை என் கையில் திணித்தாய். "அப்படியே நிறுத்தி வையி. வளைகாப்பு முடிஞ்சி வூட்டுக்கு வந்து, இங்கிருந்து ஓட்டறேன்."

அப்போதுதான் உன் காலைப் பார்த்தேன். "ஏன்க்கா இப்படி வீங்கியிருக்குது?"

"எல்லாருக்கும் வருமாம். தலவலிதான் வுட மாட்டேங்குது."

திரும்பி வரும் வழியில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. விளையாட்டு மூடிக்கொண்டது. நீ நிறுத்திய இடம் போய்விட்டது. நிறுத்திய இடத்தைச் சேமித்து வைக்க அதுவரை நான் கற்றிருக்கவில்லை, நீ கேட்டதில்லை.

உன் காலைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். உன்னை முன்னாலேயே கூட்டிவர அம்மா உன் மாமியார் வீட்டில் பேசிப் பார்த்தது. "தலப்பிரசவம் உங்க வூட்டுதுதான், யாரு இல்லன்னா? வளைகாப்பு போட்டு மொறையா கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். செக்கப்புக்குக் கூப்பிட்ட நர்ஸம்மாவிடமும் அம்மா வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "பொண்ணு குடுத்த எடம்" என்று அம்மாவும் அடங்கிப்போனது. நான் உட்கார்ந்து சேமிக்கும் வழியைப் படித்தேன். அது வேலை செய்த வாரத்தில் உனக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நீயும் போனாய், குழந்தையும் போனது.

விதி என்றார்கள். விதி இல்லை. இரத்த அழுத்தம். கையில் ஒரு பட்டையைக் கட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வளையலுக்கு நாள் குறித்தார்கள்; பட்டைக்குக் குறிக்கவில்லை.

இப்போது நான் செய்வதை முகம் தெரியாத ஆயிரம் பேர் ஆடுகிறார்கள். குறைகள் வரிசையாக, மரியாதையாக, ஆங்கிலத்தில் வருகின்றன. யாரும் லூசு என்று கூப்பிடுவதில்லை. ஹாஸ்டல் அறையில் நானே செய்து நானே ஆடிப் பார்க்கிறேன். எங்கே உடையும் என்று எனக்கே தெரிவதால் அங்கே போகாமலே ஆடுகிறேன்.

கம்பெனியில் புது வேலை தொடங்கினால் மற்றவர்கள் முதலில் வண்டியை ஓட வைப்பார்கள். நான் முதலில், நிறுத்திய இடத்தைச் சேமிக்கும் பகுதியை எழுதுவேன். "இன்னும் ஒண்ணுமே ஓடல, எதை சேவ் பண்ணப் போற?" என்று கேட்கிறார்கள். எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். எங்கோ ஒருத்தி ஆடிக்கொண்டிருப்பாள். அவளை எந்த நேரமும் யாராவது உள்ளே கூப்பிடுவார்கள்.