அப்பாவின் கையளவு இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அச்சில் வந்த காமிக்ஸைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஃபோனில் கீழே தள்ளித் தள்ளிப் படிக்கும்படி அடுக்குவதுதானே என் வேலை? இந்த முறை ஒரு துப்பறியும் கதை; புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினால்தான் கொலைகாரன் முகம் தெரியும். ஃபோனில் புரட்டப் பக்கம் ஏது? அதனால் அவன் முகத்துக்கு முன்னால் நீளமாக வெற்றிடம் விட்டேன். யார் எந்தக் கட்டத்தோடு நிறுத்தினார்கள் என்பது எங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். பாதிப்பேர் கதை முடிந்ததென்று அங்கேயே போய்விட்டார்கள்!

"பாதிப்பேர் கொலைகாரனைப் பாக்கவே இல்லையேம்மா! எதுக்கு இவ்ளோ இடம்?" என்று எடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சின்ன வயசுல அப்பா அடுத்த கட்டத்தைக் கையால மூடிக்கிட்டுத்தான் சார் கதை சொல்லுவாரு. அந்தக் கை அளவுதான் விட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "அப்போ உனக்கு அது பெரிய கையாத் தெரிஞ்சிருக்கும். சரியா அளந்து போடு."

அதனால் ஒரு தாளில் கையை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். ஃபோட்டோ வேண்டாம், அளவு மாறிவிடும். தாளையே தபாலில் போடுங்கள். வேலைக்குத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

எடிட்டர் கூப்பிடுகிறார்.

உங்கள் வாலு

மறந்துவிட்டேனே, இரண்டு கையையும் வரையுங்கள்.