விமர்சகருக்கு அப்பா போட்ட பதில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், ஆனால் போனில் கேட்ட குரல் அப்படிச் சொல்லவில்லை. மாதக் கடைசிக்குள் ஆல்பத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடப் போகிறேன், இனிமேல் பாட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் அப்பா செய்த காரியத்தைக் கேள். உன் ஆல்பத்தைப் பற்றி இணையத்தில் வந்த அந்த விமர்சனத்தைப் படித்ததும் மனுஷனுக்குக் கண்மண் தெரியாத கோபம். இவன் யாரு எம்பொண்ணப் பத்திப் பேச என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பிறகு 'நடுநிலை ரசிகன்' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு, ஒன்பது பாட்டும் ஒன்றைவிட ஒன்று அற்புதம், உங்களுக்குக் காது கேட்காதா என்று அதற்குக் கீழே எழுதிவிட்டார். பெயரை மாற்றியவர் படத்தை மாற்ற மறந்துவிட்டார். நீ அவர் தோளில் உட்கார்ந்து பொக்கைவாயோடு சிரிக்கிற படம். போதாக்குறைக்கு உன் அத்தை, சரியாச் சொன்னீங்கண்ணா, நம்ம பாப்பாவ யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது என்று எழுதி மிச்ச மானத்தையும் வாங்கிவிட்டாள். விமர்சகர் சண்டைக்கு வரவில்லை. ஐயா, உங்களுக்கு எந்தப் பாட்டு ரொம்பப் பிடிச்சது, எனக்கு நாலாவதுதான், திரும்பத் திரும்பக் கேக்குறேன் என்று மரியாதையாகப் பதில் போட்டிருந்தார். அப்பா போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து, ஏம்மா நாலாவது பாட்டு எது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு, அதைத்தான் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிப் பெருமையடித்துக்கொண்டிருந்தோம். அத்தை அதையும் பாதிதான் கேட்டிருக்கிறாள். எனக்குத் திக்கென்றது. ஆகா ஓகோ என்று உன்னைப் புகழ்ந்த நாங்கள் யாருமே கேட்கவில்லை, நாங்கள் கரித்துக்கொட்டிய மனிதர் ஒன்பதையும் கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலமே ஃபேனை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்து முழுதாகக் கேட்டோம். நாலாவது பாட்டில் கிட்டாரும் நீயும் மட்டும், அது முடிந்ததும் நடுநிலை ரசிகர் இன்னொரு தடவை போடச் சொன்னார். ஆனால் இரண்டாவதிலும் ஆறாவதிலும் நீ உச்சத்துக்குப் போகிற இடத்தில் டிரம்ஸ் வந்து குரலை மூடிவிடுகிறது. அங்கே நீ பயந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, மனசு கஷ்டமாக இருந்தது. குரல் ஒளிந்துகொள்கிறது என்று அந்த விமர்சகர் எழுதியது இதைத்தானே. சர்வீஸ் சென்டரில் புகார் வாங்கும் மேசையில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், எல்லாமே குப்பை என்று கத்துகிறவரிடம் எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்காது, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவோம். மிக்ஸியை இரண்டாவது ஸ்பீடில் வைத்தால் மட்டும் கடகடவென்கிறது என்று சொல்கிறவரும் எரிச்சலோடுதான் சொல்வார், ஆனால் மெக்கானிக் அந்த இடத்தைத்தான் முதலில் பிரித்துப் பார்ப்பார். நீ அனுப்பிய இன்னொரு விமர்சனத்திலும் குரலைப் பற்றி அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே இடத்தில் கை வைத்தால் அதை நீ பார்க்கத்தான் வேண்டும். அதற்காக அந்த விமர்சகர் சொன்னதையெல்லாம் தலையாட்டி ஏற்றுக்கொள்ளாதே. கடைசிப் பாட்டு இழுவை என்கிறாரே, எனக்கு அது இழுவையாகத் தெரியவில்லை, அதில்தான் நீ நிதானமாக மூச்சு விட்டுப் பாடுகிறாய். யாருக்காகவும் அதைக் குறைக்காதே.

அப்பா பழைய பதிலை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, நாலாவதுதான் சார், இப்பத்தான் கேட்டோம் என்று சொந்தப் பெயரில் எழுதியிருக்கிறார்.

கோபம் ஆறும்வரை ஆறட்டும், அழுகை வந்தால் அழுது தீர்த்துவிடு. ராத்திரியில் காப்பியைக் குறைத்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், நிறையப் பாட வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று, ஆல்பத்தை எடுத்துவிடாதே பாப்பா. உன்னைப் பெற்ற நாங்கள் இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறோம்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா