கதக்குரிச் சரிவில் ஒரு தடம்

அன்புள்ள மிசாவோ,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம். பனி உருகி, காட்டுச் சரிவெங்கும் கதக்குரிப் பூ ஊதாவாக விரிந்திருக்கிறது. விதை விழுந்து பூக்க எட்டு வருடம் ஆகும் என்பதால் என்னைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு வரவேண்டிய பேராசிரியர் பதவியைத்தான் கூட வேலை பார்த்த முராசேவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களே!

நேற்று பூப் பார்க்க வந்த ஒருத்தி, பூக்களைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய்ப் படமெடுத்தாள். கத்திக்கொண்டே ஓடினேன்.

"கத்துறது இருக்கட்டும் சார், நீங்க எங்க நிக்கிறீங்கன்னு பாருங்க!" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். பூக்களை நசுக்கிக்கொண்டு நான் ஓடிவந்த தடம் சரிவின் குறுக்கே நீளமாகக் கிடந்தது. அவள் மிதித்தது இரண்டே பூ.

கம்பளிக் காலுறை அனுப்பு. கூடவே நாலு வரி எழுது.

இன்று வந்தவர்கள் அந்தத் தடத்தைக் காட்டி, "எந்த மடையன் வேலைங்க இது?" என்று கேட்டார்கள். "யாரோ வெளியூர்க்காரன்" என்றேன். பிள்ளைகளிடம் சொல்லாதே. தபால்காரர் அவசரப்படுத்துகிறார்.

தோகுஜி