இடது காதுக்கு ஒரு லேயர்

மார்ச் 3, செவ்வாய்

சதுரங்கக் கழகத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். என் கணவரின் படத்தைக் கழக அறையில் மாட்டப் போகிறார்களாம். இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்த மனிதர் இறந்து ஆறு வருடம் கழித்து, இப்போதுதான் ஓர் ஆணிக்கு இடம் கிடைத்திருக்கிறது. 22ஆம் தேதி திறப்பு. "நல்ல படமா ஒண்ணு குடுங்கம்மா" என்றார். கெட்ட படமாகக் கொடுக்கும் உத்தேசம் எனக்கு எப்போது இருந்தது?

மாலை முழுக்க ஆல்பங்களோடு போயிற்று. கேமராவைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கண் திறந்திருப்பது ஒரே ஒரு படத்தில். கோப்பை வென்ற நாளில் கழக வாசலில் எடுத்தது. நன்றாகச் சிரிக்கிறார். ஆனால் பக்கத்தில் அவர் தங்கை, அதாவது என் நாத்தனார், தோளில் கையைப் போட்டு, தலையோடு தலையை ஒட்டி, அவருடைய இடது காதை முழுசாக மறைத்துக்கொண்டு நிற்கிறாள். எங்கே இடம் கிடைத்தாலும் சாய்ந்துகொள்கிற பிறவி.

அவளோடு பேசி ஆறு வருடம். அவர் போன எட்டாம் நாள் சதுரங்கப் பலகையை எடுத்துக்கொள்ள வந்தாள், "எங்கப்பா வாங்கினது" என்று. எடுத்துக்கொள், காய்களை எண்ணிக்கொண்டு போ என்றேன். "நான் என்ன திருடியா அண்ணி?" என்று ஒரே அழுகை. எண்ணச் சொல்வது ஒழுங்கு. அதில் அழ என்ன இருக்கிறது?

அந்தப் படம் வேண்டும். அவள் இல்லாமல் வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

படத்தை ஸ்டூடியோவில் கொடுத்திருந்தேன். ஸ்டூடியோக்காரர் நாத்தனாரை எடுத்துவிட்டார். கூடவே என் கணவரையும் எடுத்துவிட்டார். படத்தில் இருப்பவர் சுண்ணாம்பு அடித்த முகமும் யாரோ ஒருவரின் கோட்டுமாக, ஊதா நிறப் புகைக்கு நடுவில் மிதக்கிறார்.

"எஃபெக்ட் குடுத்திருக்கேன் மேடம்."

"யாருக்கு?" என்று கேட்டேன்.

இனி நானே செய்வேன்.

மார்ச் 6, வெள்ளி

இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் இறக்கிக்கொண்டேன். அழிப்பானை எடுத்து நாத்தனாரைத் தேய்த்தேன். அவள் அசையவில்லை. அவருடைய மூக்கு போய்விட்டது.

மார்ச் 8, ஞாயிறு

இணையத்தில் பட உதவிக் குழு ஒன்று இருக்கிறது. வணக்கம், பொருள், விவரம், நன்றி என்று முறையாகக் கேள்வி எழுதினேன். முதல் பதில்: "வீடியோ பாருங்க ஆண்டி." நான் யாருக்கும் ஆண்டி அல்ல என்று எழுதினேன்.

இரண்டாவது பதில் 'பிக்சல் மாமா' என்பவரிடமிருந்து. ஐம்பத்தெட்டு வயதாம், பல் செட் செய்வது தொழிலாம். மாமா என்று அழைக்க இயலாது என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அசல் படத்து மேல கையே வெக்காதீங்க மேடம். லேயர் போட்டு வேலை செய்யுங்க. கண்ணாடித் தாளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி. பக்கத்துல கண் படம் இருக்கும், அதை அமுக்கினா அந்தத் தாள் மறையும், திரும்ப அமுக்கினா வரும். எதையும் தூக்கிப் போடாதீங்க" என்று எழுதியிருந்தார். பல்லோடு பழகிய மனிதர், பொறுமை தெரிகிறது.

கான்வென்டில் எங்களுக்குப் பெட்டி, குடை, செருப்புப் பை என்று ஒன்று விடாமல் பெயர் எழுத வைப்பார்கள். லேயர்களுக்கும் எழுதினேன். 'அசல்'. 'கை – தனியே'. 'நாத்தனார் – நீக்கம்'. பார்க்கவே ஒழுங்காக இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

முகத்தைத் தெளிவாக்க பிளகின் என்று ஒரு துணை நிரல் இருக்கிறது என்று குழுவில் யாரோ சொல்ல, அதையும் சேர்த்தேன். ஒரே அமுக்கு. அவருக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது, உதட்டில் சாயம். இந்த ஆளுக்கு நான் கழுத்தை நீட்டவில்லை. நீக்கிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

பின்சுவரை வெட்டி வெட்டி நாத்தனார் மேல் ஒட்டினேன். ஐந்து மணி நேரம். முழுசாக மறைந்தாள். மனசு குளிர்ந்தது என்று எழுதினால் பாவமா? எழுதிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

அவளை எடுத்த இடத்தில் காது இல்லை. வலது காதை நகல் எடுத்துத் திருப்பி வைக்கச் சொன்னார் பல் செட்காரர். வைத்தேன். முறம் மாதிரி இருந்தது. அதை மறைத்துவிட்டு, சின்னதாக இன்னொன்று வைத்தேன். 'காது 1', 'காது 2'.

இரண்டாவது பரவாயில்லை. ஆனாலும் ஏதோ உதைக்கிறது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. நாற்பத்தொரு வருடம் பார்த்த முகம் — எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

மார்ச் 16, திங்கள்

அனுப்பிவிட்டேன். கணினிக் கோப்பை லேயர்களோடு அப்படியே கழகத் தலைவருக்கு, அவர் அச்சகத்துக்கு. நிம்மதி.

மார்ச் 17, செவ்வாய்

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

எல்லா லேயரையும் சேர்த்து ஒரே படமாக்கித்தான் அனுப்ப வேண்டுமாம். அதைப் பல் செட்காரர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அச்சகத்தில் வேறு ஏதோ மென்பொருளில் திறந்தபோது நான் மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்து நின்றிருக்கிறது. இடது பக்கம் காதுக்கு மேல் காது. தோளில் ஆளில்லாமல் ஒரு கை. "எது எது வேணும்னு சொல்லுங்க" என்று அச்சகக்காரர் திரையைப் படம் பிடித்து அனுப்ப, தலைவர் பெருமான் அதைக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "உறுப்பினர்கள் கருத்துக் கூறவும்" என்றிருக்கிறார். அறுபத்து மூன்று பேர். படத்தின் ஓரத்தில் என் பட்டியல், என் ஒழுங்கான பட்டியல்: 'நாத்தனார் – நீக்கம்'.

அவளும் கழக உறுப்பினர்.

மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி. எடுக்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன். எடுக்காமல் இருப்பது கோழைத்தனம். எடுத்தேன்.

"அண்ணி, நான்தான்."

"சொல்லு."

"என்னை எடுத்துட்டீங்க, சரி. கையை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்கீங்க? அண்ணனைப் பேய் பிடிச்ச மாதிரி இருக்கு."

"அது தனி லேயர்."

"ஓ. நானும் ஒரு லேயர்தானா?"

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. "அது இருக்கட்டும். அந்த ரெண்டு காதும் அண்ணனோடது இல்லையே" என்றாள்.

"வலது காதைத் திருப்பி வெச்சேன்."

"இடது காது மேல் ஓரம் மடிஞ்சிருக்குமே அண்ணி. மறந்துட்டீங்களா?"

ஆமாம். மடிந்திருக்கும். கடவுளே, எப்படி மறந்தேன்? ஆறு வருடத்தில் போய்விடுமா ஒரு காது? ஆனால் மறந்ததை அவளிடம் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. "தெரியும். சின்ன வயசுல மரத்துலேர்ந்து விழுந்தது" என்றேன்.

அவள் சொன்னாள்: "மரமா? நான்தான் கதவை ஓங்கிச் சாத்தினேன். எனக்கு நாலு வயசு. அப்பா என் தோலை உரிச்சுடுவார்னு அண்ணன் மரம்னு சொல்லிட்டான். உங்ககிட்டயுமா அப்படியே சொல்லியிருக்கான்?"

என்னிடமும்தான். நாற்பத்தொரு வருடம். ஒரு கல் உப்பு அதிகமென்றால்கூட மறைக்கத் தெரியாதவர் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேனே.

"பக்கவாட்டுல எடுத்த படம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. காது நல்லாத் தெரியும்" என்றாள். கொண்டுவருகிறேன் என்று சொல்லவில்லை. நான் கேட்பதற்காகக் காத்திருந்தாள். விடாக்கண்டி.

கேட்டேன். ஒரே மூச்சில், அப்போதே எல்லாம் சேர்த்து: "கொண்டு வா. காயை எண்ணச் சொன்னது தப்பு."

மார்ச் 19, வியாழன்

வந்தாள். இளைத்திருக்கிறாள். அவள் கொண்டுவந்த படத்திலிருந்து காதை எடுத்து வைத்தோம். நான் மவுஸைப் பிடித்தேன், அவள் பின்னால் நின்று அதிகாரம் செய்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ அண்ணி. இல்ல, இல்ல, அது நரியோட காது."

"உன்னை எடுக்காம விட்டுடவா? அப்ப காதே தேவையில்லை" என்று கேட்டேன். கேட்பதற்குச் சிரமமாகத்தான் இருந்தது.

"வேண்டாம். சுவர்ல தனியா இருக்கட்டும், செயலாளர் இல்லையா? என்னை ஒழுங்கா எடுங்க. அங்க பாருங்க, என் தலைமுடி நீட்டிக்கிட்டு நிக்குது."

அவளே விரலால் காட்ட, அவளே சொல்லச் சொல்ல, அவளை ஒரு முடி விடாமல் அழித்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அசல் லேயரை மட்டும் அவளுக்காகத் தனியே அச்சடிக்கச் சொல்லி அச்சகத்துக்கு எழுதினேன்.

'நாத்தனார் – நீக்கம்' என்பதை 'சுவர்' என்று மாற்றினேன். அவள் பார்த்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

படத்தைத் திறந்தார்கள். தலைவர் இருபது நிமிடம் பேசினார், அதில் பத்து நிமிடம் தன்னைப் பற்றி. காதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. காது காதாக இருந்தால் யார் பார்க்கிறார்கள்? சட்டத்தின் இடது மூலை அரை விரல் இறங்கியிருந்தது. நாற்காலியைக் கேட்டேன். "நீங்க ஏறாதீங்க" என்று அவள் ஏறிச் சரி செய்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

பல் செட்காரருக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். கோப்பு அனுப்பும் முறையையும் இனி முதலிலேயே சொல்லிவிடுமாறு கேட்டுக்கொண்டேன். பணிவாகத்தான்.

மார்ச் 31, செவ்வாய்

செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. அவளுக்கும் இல்லையாம். பத்து மணிக்கு வருகிறேன் என்றவள் பத்தேகாலுக்கு வந்தாள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் நாலு முறை வாசலுக்குப் போய் வந்தேன். இதை அவளிடம் சொல்வதாக இல்லை.