கோட்டூர்புரத்து இரும்புக்கு நான் அடித்த பெயிண்ட்

ஈக்காட்டுத்தாங்கல்,
நவம்பர் 16, ஞாயிறு

அன்பு மகள் ஃபிசாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் நீ சுகமாக இருப்பது எனக்குத் தெரியும், தினமும் உன் அம்மாவோடு அரை மணி நேரம் பேசுகிறாய், சமையல்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம்கூட வருகிறது, நான் உள்ளே நுழைந்தால் அவள் அவசரமாகப் போனை வைத்துவிடுகிறாள். என்னோடு மட்டும்தான் முப்பத்தெட்டு நாளாகப் பேச்சு இல்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பினதெல்லாம் நீ பார்க்காமலே கிடக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன், வீட்டு வாசலுக்கு வந்த குரியரைத் திருப்பி அனுப்ப உனக்கு மனசு வராது என்று ஒரு நம்பிக்கை. அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. உன் தம்பி ஹம்மாதுக்கு கிண்டி ஆபீஸில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. பட்டறைத் தெருவில் வடிகாலுக்குத் தோண்டின பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது, லோடு வண்டி உள்ளே வர முடியாமல் தகட்டையெல்லாம் முக்கிலிருந்து தோளில் சுமந்து வருகிறோம். இதெல்லாம் அம்மா சொல்லியிருப்பாள், அவள் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவையாவது முழுசாகக் கேள். அன்றைக்கு நீ கத்தினாய், அழுதாய், போனை வைத்துவிட்டாய், நான் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சொன்ன வேலை என்ன? கோட்டூர்புரத்தில் கல்யாணராமன் என்று ஒரு சிற்பி இருந்தார், காலமாகி ஆறு வருஷம் ஆகிறது, அவர் செய்த இரும்புச் சிற்பம் அவர் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது, அதை வைத்துத்தான் ஆய்வில் ஒரு அத்தியாயம் எழுதுகிறேன், நீங்கள் போய் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அளந்து அனுப்புங்கள் என்றாய். இரண்டு கேட் வேலை நின்றாலும் நிற்கட்டும் என்று பட்டறையில் என் கையாள் முருகையனையும் கூட்டிக்கொண்டு போனேன். சிற்பியின் சம்சாரம் அபயாம்பாள் அம்மா, எண்பது வயசு, காபி கொடுத்துத் தோட்டத்தைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு தகடு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, உச்சியிலிருந்து அடிவரை துரு. தொட்டால் செதில் செதிலாகக் கையில் வருகிறது. முருகையன் இரண்டு சுற்று சுற்றி வந்து, இன்னா பாய் இது, கேட்டா கதவா ஒன்னியும் பிரியல, இப்டி துருப்புடிச்சிப் போய் கீதே என்றான். முப்பத்தோரு வருஷமாகக் கிரில்லும் கேட்டும் செய்கிறவனுக்குத் துரு என்றால் வியாதி. இந்தக் கோலத்தில் படம் எடுத்தா உன் வாத்தியார்கள் முன்னால் வைப்பது, என் மகள் இவ்வளவு தூரம் போய்ப் படிப்பது இதையா என்று நினைக்க மாட்டார்களா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. சுத்தம் பண்ணித் தரட்டுமா என்று அந்த அம்மாவைக் கேட்டேன். ஏதோ இலையையும் பாசியையும் துடைக்கப் போகிறேன் என்று நினைத்து, தாராளமா பண்ணுங்கோ என்றார். மறுநாள் நாங்கள் கிரைண்டரோடு போனபோது அவர் வீட்டில் இல்லை, கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார், வீட்டு வேலை செய்யும் புஷ்பம்தான் கேட்டைத் திறந்துவிட்டாள். இரண்டு நாள் வயர் பிரஷ், கிரைண்டர், எமரி பேப்பர், அப்புறம் ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, சாம்பல் கலர் எனாமல் இரண்டு கோட்டு. முகம் பார்க்கலாம் போல இருந்தது. நீ சந்தோஷப்படுவாய் என்று சிரித்துக்கொண்டே போட்டோ அனுப்பினேன் ஃபிசா, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ போல் ஆகிறது.

இருப்பதை இருக்கிறபடியே எடுங்கள் என்று நீ சொன்னது நிஜம். தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். அந்தச் சிற்பி வேண்டுமென்றேதான் நாற்பது வருஷம் அதை மழையில் நிறுத்தினார், மீதி வேலையைத் துரு செய்யட்டும் என்று விட்டார், அந்தத் துருதான் அத்தா சிற்பமே என்று அழுதுகொண்டே சொன்னாயே, அந்த ஒரு பேச்சை முன்னாடியே சொல்லியிருந்தால் நான் விரலால்கூடத் தொட்டிருப்பேனா? என்னம்மா படிக்கிறாய் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். மாடர்ன் ஆர்ட் ஹிஸ்டரி அத்தா, உங்களுக்குப் புரியாது என்று முடித்துவிடுவாய். பள்ளிவாசலில் பீர் முஹம்மது பாய் கேட்கிறார், பொண்ணு டிராயிங் படிக்குதா என்று. இல்லை, மற்றவர்கள் செய்ததைப் பற்றிப் படிக்கிறாள் என்றேன். அதுக்கு கிளாஸ்கோ வரைக்கும் போகணுமா என்று சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபிறகு அவமானமாக இருந்தது, உன்னால் இல்லை, ஒரு பதில் சொல்லத் தெரியவில்லையே என்று. வேறு எது புரியாது என்றாலும் சரி என்பேன். இரும்பு எனக்குப் புரியாதா?

அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டு ஜனவரிக்குள் வேறு எதையோ எழுதப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். ஒன்றரை வருஷ உழைப்பு. கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முந்தாநாள் ஜும்ஆ முடிந்ததும் நேரே கோட்டூர்புரம் போனேன், இத்தனை நாள் அந்த அம்மா முகத்தில் விழிக்கப் பயந்துகொண்டு போகவில்லை. திட்டுவார் என்று தெரிந்தேதான் போனேன், ஆனால் திட்டவில்லை. வேலையை நன்னாத்தான் பண்ணியிருக்கேள், அதான் எனக்கு அழுகையா வரது என்றார். பிறகு பீரோவைத் திறந்து அவர் வீட்டுக்காரருடைய நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார், நீ ஸ்கேன் பண்ணி வாங்கிக்கொண்ட நோட்டுதானாம். வருஷா வருஷம் மழை முடிந்ததும் எழுதியிருக்கிறார், எந்த மூலையில் செதில் விட்டது, எங்கே கருப்பு எங்கே மஞ்சள், தகடு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று. நாலு பக்கம் புரட்டினதும் என் கை நின்றுவிட்டது. இதே மாதிரிதானே நானும் எழுதுகிறேன். பழைய கேட் எதையும் தொடுவதற்கு முன்னால் நான் செய்வதை நீ சின்ன வயசில் பட்டறையில் பார்த்திருக்கிறாய், சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்துத் துரு எங்கே தின்றிருக்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டு, வெர்னியரால் அளந்து, நோட்டில் படம் வரைந்து எழுதி, நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்வேன். நீ கை வச்சதாலதான் கெட்டுப்போச்சு என்று வாடிக்கைக்காரர் சண்டைக்கு வந்தால் காட்டுவதற்கு. இதற்கும் செய்தேன் ஃபிசா. கிரைண்டரைப் போடுவதற்கு முன்னால் நாற்பத்தோரு போட்டோ, ஆறு பக்கம் அளவு. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதை உனக்கு அனுப்பவில்லை, பெயிண்ட் அடித்த பிறகு எடுத்ததை மட்டும் அனுப்பினேன். நீயும் கேட்கவில்லை, கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாய்.

அந்த ஆறு பக்கத்தையும் நோட்டிலிருந்து பிரித்து இதோடு வைத்திருக்கிறேன். போட்டோக்கள் பென் டிரைவில் இருக்கின்றன, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு போய்விடும் என்று நீதான் முன்பு சொன்னாய். சாக்பீஸ் வட்டம் போடுவதற்கு முன்னால் எடுத்தது பதினெட்டு, மீதி பின்னால் எடுத்தது. சிற்பி போனபிறகு அந்த நோட்டில் யாரும் எழுதவில்லை, அதனால் கடைசியாக அந்த இரும்பு எப்படி இருந்தது என்பது என் ஆறு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. அத்தியாயத்தை எடுக்காதே. அழித்தவனே எழுதி வைத்திருக்கிறான் என்று என் பெயரைப் போட்டே எழுது, எனக்கு வெட்கமில்லை. வெட்கம் இருக்கிறது, இருந்தாலும் எழுது. பெயிண்டை உரித்துவிடட்டுமா என்று அந்த அம்மாவைக் கேட்டதற்கு, இனிமே ஒண்ணும் தொடாதேங்கோ, மழையிலேயே நிக்கட்டும் என்றார். கிளம்பும்போது ஒரு தடவை அதைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் அடியில், இரண்டு தகடும் சேரும் வெல்டிங் இடுக்கில், வயர் பிரஷ் நுழையாத ஒரு இடம். அங்கே எனாமல் கொப்புளம் விட்டு மிளகாய் விதை அளவுக்குத் துரு தெரிகிறது. பெயிண்ட் அடித்து ஒரு மாதம்தான் ஆகிறது, வேறு எங்கேயாவது இப்படி ஆகியிருந்தால் முருகையனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். நான் அந்தச் சேற்றிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். அபயாம்பாள் அம்மா குடையோடு வந்து என்ன ஆச்சு என்றார், வந்துடுச்சும்மா என்றேன். அவர் குனிந்து பார்த்தார், உள்ளே போய் அந்த நோட்டையும் ஒரு பேனாவையும் எடுத்துவந்து, எழுதுங்கோ என்று என் கையில் கொடுத்தார். தேதி, இடம், அளவு எல்லாம் எழுதினேன். நிறத்துக்கு அவர் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு பெயர் எழுதியிருக்கிறார், எனக்கு அதெல்லாம் வரவில்லை, செங்கல் நிறம் என்று எழுதிவிட்டு வந்தேன். அது சரியா என்று நீதான் சொல்ல வேண்டும்.

குளிருக்கு அந்தப் பழைய ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு திரியாதே. வேளைக்குச் சாப்பிடு, பஜ்ர் தொழுகையை விடாதே. மழை நின்றதும் மறுபடியும் போய்ப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. அங்கே எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னால் அப்படியே பார்த்து எழுதுகிறேன். இந்தத் தடவை புரியாது என்று மட்டும் சொல்லாதே. உன் படிப்பு நல்லபடியாக முடிய அல்லாஹ்விடம் துஆ செய்துகொண்டே இருக்கிறேன். குரியர் கைக்குக் கிடைத்ததும் போன் பண்ணு, அம்மாவுக்கு இல்லை, எனக்கு.

உன் அத்தா,
வலியுல்லா