திருப்பிப் போட்ட கோட்டு

என் பிடிவாதக்காரனுக்கு,

மலையில் ஹெதர் புதரெல்லாம் பூத்துவிட்டது. உச்சி வரைக்கும் ஒரே ஊதா. நேற்று ஓடைப் பக்கத்துப் பாதையில் பாதி தூரம் ஏறினேன். ஒரு பூட்ஸைச் சேறு பிடுங்கிக்கொண்டது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்த வழியாகத்தான் ஏறினோம். நினைவிருக்கிறதா என்று கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். உச்சியில் மூடுபனி இறங்கிவிட்டது. ஒரே பாறையை மூன்று முறை சுற்றி வந்தோம்.

"ஆளைச் சுத்தவிடுற புல்லை மிதிச்சிட்டோம். கோட்டைக் கழட்டி உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி போடு, வழி தெரியும்" என்றேன்.

"உங்கம்மா கதையெல்லாம் என்கிட்ட விடாதே. பூகோள வாத்தியாருக்கே திசை சொல்றியா?" என்றாய்.

நாலாவது முறையும் அதே பாறை வந்தது. நீயே கோட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டாய். பத்து நிமிடத்தில் நம் ஊர் மாதா கோயில் மணிக்கூண்டு தெரிந்தது. "பனி தானா விலகுச்சு" என்று நாற்பது வருஷமாகச் சாதித்தாய்.

இன்று காலை நீ இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து நர்ஸ் கிரானியா போன் செய்தாள்.

"தினமும் கோட்டை உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி போட்டுக்கிட்டு வாசல்ல போய் நிக்கிறாரும்மா. சரியாப் போட்டுவிட்டா கோவம் வருது."

"விட்டுடும்மா. அவர் சரியாத்தான் போட்டிருக்காரு" என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வருகிறேன். என் கோட்டையும் திருப்பித்தான் போட்டுக்கொண்டு வருவேன்.

அன்று உன்னோடு வழி தவறியவள்